அராபியக் கரையின் கடன் ஏடு

அராபியா என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன மணற்காடும் ஒட்டகமும் பேரீச்சம்பழமுமேயாம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எமக்கோ, இவற்றோடு சிந்துபாத் என்னும் மாலுமியும் அலாவுதீனின் விளக்கும் சேர்ந்து தோன்றும். அந்நாட்டின் கடற்கரை ஒரு காலத்தில் உலக வாணிகத்தின் பெருஞ்சந்தையாய் விளங்கிற்று என்பதையோ, அச்சந்தைக்குத் தோள் கொடுத்தோர் யாவர் என்பதையோ பள்ளிப் புத்தகம் எதுவும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

சென்ற தைத் திங்களில் எம் தோட்டத்தாரும் பக்கத்துப் பட்டணத்தாருமாகப் பதினாறு பேர் கூடி, மூன்றாண்டு கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு, அக்கரைத் துறைமுகங்களையும் பழங்கடைத்தெருக்களையும் கண்டுவரப் புறப்பட்டோம். துபாய் வரை வானூர்தி. அங்கிருந்து பஹ்ரைன், மஸ்கட், சலாலா ஆகிய துறைகளுக்கு உல்லாசக் கப்பல். அக்கப்பலின் ஆடம்பரத்தை இங்கு விரித்தல் வேண்டா. வேளைக்கு நாற்பது வகை உணவு பரப்பியிருந்தும், எம்மவர் மூன்றாம் நாளே ஊறுகாய்ப் புட்டியைத் திறந்துவிட்டனர் என்பதோடு அதனை நிறுத்துவோம்.

குழுவில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். அவருடைய தந்தையார், இந்திய அரசு 1938இல் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்வதற்கு முன்னர், கங்காணியின் வழியே மலாயாவிற்கு வந்தவர். பெரியவர் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்று பால் வாளியைத் தூக்கினார். வழிகாட்டிகள் சொன்ன கதைகளைக் காட்டிலும் இவர் கேட்ட கேள்விகளே எம்மைச் சிந்திக்கச் செய்தன.

துபாயில் பழைய நகரத்தை இரண்டாகப் பிரிப்பது ஓர் உப்பங்கழி. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ‘அப்ரா’ என்னும் சிறு மரப்படகு செல்கிறது. கூலி ஒரு திர்ஹம். வானளாவும் மாளிகைகளைக் கண்டு வாய் பிளந்த எம் குழுவினர், இப்படகில் ஏறியமர்ந்த பின்னரே நகரத்தைக் கண்டதாக உணர்ந்தனர். இக்கழியே துபாயின் தாய். 1900ஆம் ஆண்டை ஒட்டி, எதிர்க்கரையில் பாரசீக நாட்டின் லிங்கா துறைமுகத்தில் சுங்கம் கடுமையாக்கப்பட்டது. அப்போது துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர், தம் துறையிற் சுங்கத்தை நீக்கி வணிகரை வருக என்றழைத்தார். லிங்காவின் வணிகர் குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்து வந்து, காற்றை வீட்டிற்குள் இறக்கும் கோபுரங்களோடு மனைகள் கட்டிக்கொண்டனர். அக்கோபுரங்களிற் சில இன்றும் நிற்கின்றன. 1959இல் ஷேக் ராஷித் கடன் வாங்கிக் கழியைத் தூர் வாரத் தொடங்கினார். எண்ணெய் ஏற்றுமதியோ 1969இல்தான் தொடங்கிற்று. எண்ணெயால் பிறந்தது துபாய் என்பார் இதனைக் கருதுதல் வேண்டும்.

மற்றொரு செய்தி எம்மவரைப் பெரிதும் வியப்பித்தது. இக்கரை நாடுகள் பலவற்றில் 1966 வரை வழங்கிய நாணயம் இந்திய ரூபாயே. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் வளைகுடாவிற்கென்றே தனி நோட்டுகளை அச்சிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்படவே, அவர்கள் அதனைக் கைவிட்டுத் தத்தம் நாணயத்திற்கு மாறினர்.

தேரா என்னும் அக்கரைப் பகுதியில் மசாலாக் கடைத்தெரு உளது. மஞ்சளும் ஏலமும் உலர்ந்த எலுமிச்சையும் குங்குமப்பூவும் சாக்குச் சாக்காய் வாய் திறந்திருக்கின்றன. ஒரு கடையில் எம் பேச்சைக் கேட்ட இளைஞர் ஒருவர், “அண்ணே, மலேசியாவா?” என்று தமிழில் வினவினார். இராமநாதபுரத்துப் பக்கம் என்றார். வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வட்டிக்கு வாங்கிய பணம் இரண்டாண்டாய் அடைகிறதாம். அடைந்த பின்னரே கல்யாணமாம். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பாவும் இப்படித்தான் வந்தாரு தம்பி” என்றார். அந்தச் சொல் பயணம் முழுதும் எம்மைத் தொடர்ந்தது.

பஹ்ரைன் ஒரு தீவு. அதன் தலைநகர் மனாமாவில் கடைத்தெருவின் தலைவாயிலாக ‘பாப் அல் பஹ்ரைன்’ என்னும் வளைவுக் கட்டடம் நிற்கிறது. 1940களில் எழுந்த இக்கட்டடத்தின் முன்னே அந்நாளிற் கடல் அலைத்ததாம். பின்னர்க் கடலைத் தூர்த்து நிலமாக்கியமையால், இன்று வாயில் மட்டும் நிற்க, கடல் கண்ணுக்கு எட்டாத் தொலைவிற் போய்விட்டது. பக்கத்துத் தீவாகிய முஹர்ரக்கில் முத்து வணிகரின் பழைய வீடுகளும் பண்டகசாலைகளும் வரிசையாகப் பாதுகாக்கப்படுகின்றன. பதினேழு கட்டடங்களும், ஒரு கடற்கரைப் பகுதியும், கடலுக்குள் மூன்று சிப்பித் திட்டுகளும் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. சுண்ணாம்புச் சுவரும் செதுக்கிய கதவும் நிழல் தரும் முற்றமுமாக அவ்வீடுகள் உள்ளத்தைக் கவர்வனவேயாம். ஆயினும் எம் உள்ளம் கதவின் அழகிலே நிற்கவில்லை.

முத்துக்குளிப்பு நடந்தவாறு இது. கோடையில் ஏறத்தாழ நான்கு மாதம் படகுகள் கடலிலேயே கிடக்கும். முத்துக்குளிப்பவன் மூக்கிலே கொம்பினாலோ மரத்தாலோ ஆன கவ்வியை மாட்டி, காலிற் கல்லைக் கட்டி, கழுத்திலே வலைக்கூடையோடு ஆழத்தில் இறங்குவான். ஒரு நிமிடம், சற்று மேலும் போகலாம்; அதற்குள் சிப்பிகளைப் பறித்துக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே நிற்கும் இழுப்பவன் அவனைத் தூக்குவான். இவ்வாறு ஒரு நாளிற் பல பத்து முறை. பகலெல்லாம் சில பேரீச்சம்பழமும் காப்பியுமே உணவு. வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது என்பதற்காக. இரவில் மீனும் சோறும். படகின் தலைவனுக்கு ‘நகுதா’ என்று பெயர். களைத்தோர் கை சோராதிருக்கப் பாடுவதற்கென்றே ஒருவன் படகில் இருப்பான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஹ்ரைனில் மட்டும் ஏறத்தாழ 900 படகுகளும் 17,000 பேரும் இத்தொழிலில் இருந்தனர் என்பது லோரிமர் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்த ஏட்டிலிருந்து விளங்குகிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. பருவம் தொடங்குமுன் குடும்பச் செலவிற்கென நகுதா முன்பணம் கொடுப்பான். மழைக்காலத்தில், வேலையற்றிருக்கும்போது, மறுபடியும் ஒரு முன்பணம். அரிசியும் துணியும் அவனிடமே, அவன் சொல்லும் விலையில். முடிவில் முத்து விற்ற பணத்திலிருந்து செலவெல்லாம் கழித்து மீதியைப் பங்கிடுவர். பங்கு முன்பணத்திற்கு ஈடாகாவிடின் பாக்கி அடுத்த ஆண்டிற்குப் போகும். அடுத்த ஆண்டும் அவ்வாறே. கடன்பட்டவன் வேறு நகுதாவிடம் போக வேண்டுமாயின், பழைய நகுதா கடன் தொகையை எழுதித் தரும் ‘பர்வா’ என்னும் சீட்டு வேண்டும். புதியவன் அக்கடனை ஏற்றாலன்றி அவன் நகர முடியாது. அவன் கடலிலே இறந்தாலோ? கடன் இறவாது. அது மகன் தலையில் ஏறும். மகனும் கடலில் இறங்குவான்.

இதைக் கேட்டபோது எம்மவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியதை முதியோர் அறிவர். கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடனை அதில் எழுதி, அதனை யார் செலுத்துகிறாரோ அவர் தோட்டத்திற்கு ஆட்கள் போகலாம் என்பது முறை. 1921இல் அது சட்டத்தால் ஒழிந்தது. துண்டு என்றாலென்ன, பர்வா என்றாலென்ன? இடையே இரண்டு கடல்கள் கிடந்தும், மனிதனைக் கட்டிய தாள் ஒன்றே.

பஹ்ரைனில் 1920களில் ஒரு சீர்திருத்தம் வந்தது. ஒவ்வொரு முத்துக்குளிப்பவனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரப்பட வேண்டும், தந்தையின் கடன் மகனைச் சேராது என்று விதி செய்தனர். முதலிற் சினந்தோர் நகுதாக்களே. முத்துக்குளிப்பவருள்ளும் பலர் இதனை ஐயுற்றனர் என்பது வியப்பாகத் தோன்றும். ஆனால் முன்பணம் சுருங்கினால் மழைக்காலத்தில் அடுப்பு எரிவது எங்ஙனம்? 1932இல் முன்பணம் குறைக்கப்பட்டபோது அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்தும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் முத்தின் விலையைக் கீழே தள்ளிவிட்டன. அதே 1932ஆம் ஆண்டின் நடுவில் பஹ்ரைனின் மணலிலிருந்து எண்ணெய் பீறிட்டது. கடலில் இறங்கியோரின் மக்கள் எண்ணெய்க் கிணற்றிற்குக் கூலிக்குப் போயினர். மாதச் சம்பளம் என்ற ஒன்றை அக்குடும்பங்களிற் பல முதன்முதலாகக் கண்டது அப்போதே.

முஹர்ரக்கின் வணிகர் வீடொன்றில் முத்தை நிறுக்கும் சிறு தராசும், முத்தின் பருமனைப் பிரிக்கும் துளைத் தட்டுகளும் காட்டினர். பெரியவர் எம் பக்கம் திரும்பி, “கிராணியாரே, இந்தக் கணக்கை எழுதினது யாரு? கடல்ல இறங்குனவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். பெரும்பாலோர்க்குத் தெரியாது, நகுதாவும் அவனுடைய எழுத்தனும் எழுதியதே கணக்கு என்றோம். “எங்கப்பா கட்டை விரல்தான் வச்சாரு. எவ்வளவுன்னு சாகுற வரைக்கும் அவருக்குத் தெரியாது” என்றார்.

எமக்கு அது சுருக்கென்றது. பேனா பிடித்தவன் யாம். வேலையிற் சேர்ந்த முதலாண்டில், செக்ரோலில் ஒரு பெண்மணியின் பெயருக்கு நேரே மூன்று நாள் வருகையைக் குறிக்கத் தவறினோம். அவர் கேட்கவில்லை. பள்ளியிற் படிக்கும் அவர் மகள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்ட பின்னரே பிழை தெரிந்தது. பணம் அடுத்த மாதம் சேர்ந்துவிட்டது. ஆயினும் அம்மகள் படியாதவளாய் இருந்திருப்பின்? முஹர்ரக்கின் அந்த அழகிய முற்றத்தில் நின்றபோது எம் நினைவிற்கு வந்தது அதுவே.

பஹ்ரைனை விட்டு ஹோர்முஸ் நீரிணையை இரவிற் கடந்து மஸ்கட்டை அடைந்தோம். கரும்பாறை மலைகளுக்கிடையே பதுங்கிய துறை அது. துறைவாயிலின் இருபுறமும் போர்த்துகீசியர் கட்டிய ஜலாலி, மிரானி என்னும் இரு கோட்டைகள். 1507இல் அல்புகெர்க்கே என்பவன் மஸ்கட்டைத் தீக்கிரையாக்கி, பிடிபட்டோரின் மூக்கையும் காதையும் அறுத்தான். நான்கே ஆண்டுகளில், 1511இல், நம் மலாக்காவைப் பிடித்தவனும் இவனே. மலாக்காவில் பழங்கோட்டை வாசலின் முன் படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர் இதனையும் நினைவிற் கொள்வது நன்று. 1650இல் ஓமானியர் போர்த்துகீசியரை மஸ்கட்டிலிருந்து துரத்தினர்.

அடுத்துள்ள முத்ராவின் கடைத்தெருவிற்கு ‘இருட்டுச் சந்தை’ என்றொரு பெயர் உண்டு. கூரை வேய்ந்த சந்துகளிற் கதிரவன் நுழைவதில்லை. வெள்ளிக் குத்துவாள், அத்தர், சால்வை, அல்வா எல்லாம் அங்குண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து வந்த பாட்டியா வணிகர் இத்துறையில் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, சில காலம் சுங்க வசூலையே குத்தகைக்கு எடுத்திருந்தனர். அராபியர் கலங்களுக்கு வேண்டிய தேக்கு மலையாளக் கரையிலிருந்து வந்தது. ஆணியின்றித் தென்னங்கயிற்றாலே பலகைகளைத் தைத்த கலங்கள் அவை. அம்முறையிலே கட்டப்பட்ட ‘மஸ்கட்டின் மணி’ என்னும் கலம் 2010இல் இங்கிருந்து பாயெடுத்துச் சிங்கப்பூரை அடைந்து, அந்நாட்டிற்குப் பரிசாயிற்று. அதற்கு மாதிரி, 1998இல் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம். அதனுள் இருந்த சீனப் பீங்கான் ஏறத்தாழ அறுபதாயிரம்.

இக்கலங்கள் பீங்கானும் பேரீச்சம்பழமும் மட்டும் ஏற்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதரையும் ஏற்றின. 1873இல் சுல்தான் துர்க்கி ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து, அடிமைச் சந்தைகளை மூட இசைந்தார். ஓமானில் அடிமைத்தனம் முற்றும் ஒழிந்தது 1970இல். அத்தர் மணக்கும் சந்திலே இதனை எமக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. விற்பனைக்கு வைத்த பண்டத்தைப் பற்றித்தானே அவர் பேசுவார்?

கடைசித் துறை சலாலா. தென்னையும் வாழையும் கண்டு எம்மவர் ஊருக்கே திரும்பிவிட்டாற் போல் மகிழ்ந்தனர். தென்மேற்குப் பருவக்காற்று அராபியாவில் இந்தச் சிறு பகுதியை மட்டும் நனைக்கிறது. மலைக்கு அப்பாலுள்ள வறண்ட நிலத்திலே குந்துருக்க மரம் வளர்கிறது. பட்டையைச் சிறு கத்தியாற் சீவிவிட்டால் பால் கசிந்து கட்டியாகும். சில வாரம் கழித்துச் சுரண்டி எடுப்பர். பால்மரம் வெட்டிய எம் பெரியவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வெட்டிய காயத்தைத் தடவிப் பார்த்து, “ஆழமா வெட்டியிருக்கான். மரம் தாங்காது” என்று தீர்ப்பளித்தார். நாம் வீட்டிலிடும் சாம்பிராணி இதுவன்று. அது சுமத்திராவின் மரப்பிசின். மலாய்க்காரர் கெமெஞான் என்பர். அராபியர் அதற்கு ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாவின் குந்துருக்கம் என்று பெயரிட்டனர். அச்சொல்லே ஐரோப்பியர் வாயிற் சிதைந்து பென்சாயின் ஆயிற்று.

சலாலாவிற்குக் கிழக்கே, கோர் ரோரி என்னும் கழிக்கரையில், சும்ஹுரம் என்ற பழந்துறையின் இடிபாடுகள் கிடக்கின்றன. ஹத்ரமாத் அரசர் நிறுவிய நகரம் என்பதை வாயிற் கல்வெட்டு அறிவிக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவன் முதல் நூற்றாண்டில் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் இத்துறையைக் கூறுகிறது: தமிழகக் கரையிலிருந்து காலந்தாழ்ந்து திரும்பும் கலங்கள் இங்கே தங்கி, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் பெற்றுச் சென்றனவாம். அந்நூலே வேறோரிடத்தில், குந்துருக்கம் திரட்டுவோர் அரசனுடைய அடிமைகளும் தண்டனை பெற்றோருமே என்கிறது. கோயில்தோறும் புகைந்த நறுமணத்தின் பிறப்பிடம் அது.

சலாலாவிலேயே அல்-பலீத் என்னும் மற்றோர் இடிபாடு உண்டு. இடைக்காலத்து ஜஃபார் துறைமுகம். பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதா, சந்தையில் விற்போர் பெரும்பாலும் கறுப்புடை உடுத்த அடிமைப் பெண்கள் என்று எழுதினார். இங்கிருந்து இந்தியாவிற்குக் குதிரைகள் ஏறின. பாண்டிய நாட்டிற்குக் குதிரை அனுப்பிய துறைகளுள் இதனையும் மார்கோ போலோ சேர்க்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டிற்கும் பிற இடங்களுக்கும் வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரை சென்றதாகவும், விலை குதிரைக்கு 220 பொன் தினார் என்றும் கணக்குத் தருகிறார். வழியிற் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசனுடைய கருவூலமே கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தமாம்.

இதனைக் கப்பலில் எம் குழுவினர்க்குப் படித்துச் சொன்னபோது ஒருவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. “குதிரை செத்தா ராஜா பணம் குடுக்கணும். முத்துக் குளிக்கிறவன் செத்தா அவன் மகன் குடுக்கணும். அப்படித்தானே?” என்றார். அப்படித்தான் என்றோம்.

சும்ஹுரத்தின் மணலில் நின்றபோது அவருக்கு வேறொன்றைச் சொன்னோம். இவ்விடிபாடுகளில் இத்தாலிய அகழ்வாய்வாளர் கண்டெடுத்த பானையோடு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. முதல் நூற்றாண்டை ஒட்டியது அவ்வோடு. ஐராவதம் மகாதேவன் அதனை ‘ணந்தை கீரன்’ என்று படித்தார். அரசனுமல்லன், தூதனுமல்லன், பானையிலே தன் பெயரைக் கொண்ட ஒரு மனிதன். பெரியவர் நெடுநேரம் கழியையே நோக்கியிருந்தார். அந்நாளிற் கலங்கள் நுழைந்த வாயை இன்று மணற்றிட்டு அடைத்துக் கிடக்கிறது.

“அந்த எழுத்து எப்படி இருக்கும், தம்பி? போட்டுக் காட்டுங்க” என்றார். குறிப்பேட்டில் எமக்குத் தெரிந்த அளவில் எழுதிக் காட்டினோம். அவர் ஒரு குச்சியை எடுத்து அதைப் பார்த்துப் பார்த்து மணலில் வரைந்தார். பிறகு அதன் கீழே, இரண்டாம் வகுப்பு எழுத்தில், தம் தந்தையின் பெயரை எழுதினார். ஒற்றுப் புள்ளி ஒன்று விடுபட்டிருந்தது, யாம் திருத்தவில்லை. பேருந்து ஓட்டுநர் ஊதல் ஒலித்து எங்களை அழைத்தார்.